முதல் வெப்சைட் வாடிக்கையாளரைச் சந்திக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு சில வருடங்களாக இணையத்தளம் செய்து கொடுக்கிறேன். அறிவியல்நகரில் படிக்கிற பிள்ளைகளும், வவுனியாவில் டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தபடி வேலை தேடுகிறவர்களும் "அண்ணை, நாளைக்கு ஒருத்தரைச் சந்திக்கப் போறன், என்ன செய்யவேணும்?" என்று இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் களைத்துவிட்டேன். வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்துப் போடுகிறேன்.

போகும்போதே ஒரு டிசைன் செய்து கொண்டு போகவா?

வேண்டாம். நான் அப்படித்தான் போனேன். பரந்தன் பக்கம் ஒரு ஆலைக்காரர், போர்டில் அரிசி ஆலை என்று இருந்தது, மூன்று இரவு முழித்திருந்து நெற்கதிரும் பச்சை நிறமுமாக முகப்புப் பக்கம் ஒன்று செய்து கொண்டுபோய்க் காட்டினேன். ஐயா வடிவாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா நெல் குத்துறதை விட்டு ரெண்டு வருசம், இப்ப மிளகாய்த்தூளும் மாவும்தான்" என்றார். அதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. திருத்தித் தருகிறேன், இவ்வளவு ஆகும் என்று சொன்னபோது, "அதுதான் செய்து முடிச்சிட்டியே, பேந்தென்ன காசு?" என்று கேட்டார். பிழை அவரில் இல்லை. கேட்காமலே செய்து கொண்டுபோய் மேசையில் வைத்தவன் நான்.

டிசைனுக்குப் பதிலாக அந்த மூன்று இரவில் அரை இரவை அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளச் செலவழியுங்கள். பேஸ்புக் பக்கம் இருந்தால் கடைசி இருபது பதிவையும் அவற்றின் கீழே சனம் என்ன கேட்டிருக்கிறது என்பதையும் வாசியுங்கள். "விலை என்ன", "ஞாயிறு திறப்பீங்களா", "முள்ளியவளைக்குக் கொண்டுவந்து தருவீங்களா" என்று ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்தத் தளத்தில் முதலில் இருக்க வேண்டியது அந்தக் கேள்விகளுக்கான பதில்தான். கூகுள் மேப்ஸில் கடை இருக்கிறதா, இருந்தால் சரியான சந்தியில் இருக்கிறதா, அதில் உள்ள இலக்கத்துக்கு அடித்தால் யாராவது எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். முடிந்தால் ஒருநாள் கடைக்குப் போய் ஏதாவது வாங்குங்கள். நான் இப்போது எப்போதும் வாங்குவேன்.

காட்டுவதற்குப் பழைய வேலை ஒன்றும் இல்லையே?

உங்கள் ஊர் வாசிகசாலைக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ ஒரு சின்னத் தளம் செய்து கொடுங்கள், ஒரு கிழமை வேலை. அதுவும் இல்லையென்றால் கற்பனையான கடை ஒன்றுக்குச் செய்து, "இது பழகுவதற்குச் செய்தது" என்று சொல்லியே காட்டுங்கள். வேறொருவர் செய்ததை உங்களுடையது என்று காட்டுகிற எண்ணம் மட்டும் வேண்டாம். வன்னி சின்ன இடம், யார் யாருக்கு என்ன செய்தார் என்று அடுத்த நாளே தெரிந்துவிடும்.

எந்த நாள், எங்கே சந்திப்பது?

அவருடைய இடத்தில். உங்கள் அறைக்கோ கூல்பாருக்கோ கூப்பிடாதீர்கள், ஏனென்றால் கடைக்குள் ஒரு மணித்தியாலம் இருந்தால் அவர் வாயால் சொல்லாத பாதி விஷயம் கண்ணில் படும். எந்தச் சாமான் முன்னால் இருக்கிறது, வருகிறவர்கள் யாரிடம் கதைக்கிறார்கள், கல்லாவில் இருப்பது ஐயாவா அக்காவா எல்லாம்.

நாளைப் பொறுத்தவரை, விவசாயத்தோடு தொடர்புள்ள ஆளென்றால் போகத்தைப் பாருங்கள். காலபோக அறுவடை நடக்கிற தை, மாசி, பங்குனியில் உழவு இயந்திரம் வைத்திருப்பவரையோ உரக்கடைக்காரரையோ பிடித்து உட்காரவைக்க முடியாது. வெள்ளிக்கிழமை 10:30 தொடக்கம் 12 மணி வரை ராகுகாலம், புது வேலை கதைக்கப் பலர் விரும்பமாட்டார்கள். உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு கதை. அவரிடம் நேரம் கேட்டுவிட்டால் முடிந்தது.

தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். வேண்டாம் என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஏ9 வழியாக மாங்குளம் பக்கம் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஒரு பை கச்சானும் வாங்கிக்கொண்டு போனால், கதையைத் தொடங்கக் கையில் ஏதாவது இருக்கும்.

என்ன உடுப்பு?

தோய்த்து மினுக்கிய ஷேர்ட், நீளக்காற்சட்டை. ரை கட்டிக்கொண்டு போனால் லீசிங் கம்பனி ஆள் என்று நினைத்து உள்ளே ஒளிந்துவிடுவார்கள்.

நான் பெண்பிள்ளை. தனியப் போகலாமா? வீட்டிலும் யோசிக்கிறார்கள்.

என்னோடு வேலை செய்த ஒரு தங்கச்சி செய்கிற முறையைச் சொல்கிறேன். முதலாவது கதை எப்போதும் போனில். இரண்டாவது, கடை திறந்திருக்கிற நேரத்தில், கடைக்குள்ளேயே. "வீட்டுக்கு வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம்" என்றால், "கடையைப் பார்த்தால்தான் அண்ணை செய்யலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். கூடவே போட்டோ எடுக்க என்று தம்பியையோ சிநேகிதியையோ கூட்டிக்கொண்டு போவார், அந்த ஆளை "என்னுடைய போட்டோகிராபர்" என்று அறிமுகப்படுத்துவார், உண்மையாகவே படமும் எடுப்பிப்பார். இரவில் தேவையில்லாமல் அழைப்பு வரத் தொடங்கினால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

லப்டொப் கட்டாயமா? என்னிடம் இருப்பது பழையது, பற்றரி நிற்காது.

போன் போதும். அவருடைய வாடிக்கையாளர்களும் போனில்தான் பார்க்கப் போகிறார்கள். ஆனால் அங்கே சிக்னல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒட்டுசுட்டான் உள்பக்கம் ஒரு பண்ணைக்குப் போய், நான் செய்த தளம் திறக்கத் திறக்க வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பண்ணைக்காரர் மாட்டைப் பார்க்க எழும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்துப் போனிலேயே வைத்திருக்கிறேன். கொப்பியும் பேனையும் கொண்டுபோங்கள். போனில் குறிப்பு எடுத்தால், மற்றவரோடு சட் பண்ணுகிறீர்கள் என்று வயதானவர்கள் நினைப்பார்கள்.

சரி, உட்கார்ந்த பிறகு என்ன கேட்பது?

இதுதான் முழு வேலையும். முதல் சந்திப்பில் நீங்கள் கால்வாசி கதைத்து அவர் முக்கால்வாசி கதைத்தால் அது நல்ல சந்திப்பு.

"ஏன் இப்ப வெப்சைட் தேவைப்படுது?" என்று தொடங்குங்கள். "எல்லாரும் வைச்சிருக்கினம்" என்பது வழக்கமான பதில். அதோடு விடாமல் கடைசியாக வந்த நல்ல வாடிக்கையாளர் எப்படி வந்தார் என்று கேளுங்கள். மாங்குளத்தில் விருந்தினர் விடுதி வைத்திருக்கிற ஒரு அக்காவிடம் இதைக் கேட்டபோது, யாழ்ப்பாணம் போகிற வழியில் இரவாகிப்போன தென்பகுதிக் குடும்பங்கள்தான் அதிகம், அவர்கள் கூகுள் மேப்ஸில் பார்த்து அழைக்கிறார்கள், தனக்குச் சிங்களம் ஓரளவுதான் வரும் என்று சொன்னார். தமிழிலும் ஆங்கிலத்திலும் அழகாகச் செய்துவிடலாம் என்று நினைத்துப் போனவன் நான். அந்த ஒரு பதிலில் எல்லாம் மாறியது: முதல் பக்கத்தில் சிங்களம் வேண்டும், அறை விலை வேண்டும், வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது என்ற படம் வேண்டும், அந்தச் சிங்களத்தைச் சரியாக எழுதித் தர ஒரு ஆளும் வேண்டும்.

அடுத்தது, முடிவு எடுப்பது யார். இதைக் கேட்காமல் விட்டால் கட்டாயம் அடிபடுவீர்கள். முன்னால் இருக்கிறவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், இரண்டு கிழமை கழித்து "சுவிஸில இருக்கிற மகன் பார்த்தவர், நிறம் பிடிக்கேலையாம்" என்று வரும். கடைக்குக் காசு போட்டது மகன் என்றால் அவருக்கும் சொல்ல உரிமை இருக்கிறது, அவரை முதல் நாளே வட்ஸ்அப் அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தும் படமும் யார் தருவார்கள், எப்போது தருவார்கள், தளம் ஓடத் தொடங்கிய பிறகு விலை மாறினால் யார் மாற்றுவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். தொடர்புப் படிவம் வைத்துச் சனத்தின் பெயர், இலக்கம் எல்லாம் சேர்க்கப் போவதாக இருந்தால் அது யாரிடம் போகும் என்றும் கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. எப்போது வேண்டும் என்று கேட்டால் "நாள் பார்த்துச் சொல்லுறன்" என்பார்கள். அந்த நாள் பெரும்பாலும் தைப்பொங்கலாகவோ சித்திரை வருடப்பிறப்பாகவோ இருக்கும், அதற்குள் முடியுமா என்று யோசித்துத்தான் தலையாட்ட வேண்டும்.

'எங்களைப் பற்றி' பக்கத்துக்குக் கடையின் பழைய வரலாறு, பழைய படங்கள் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். வெளியில் இருந்து வந்து வேலை செய்கிற தம்பிமார் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

மாதிரிப் பக்கங்களில் 'ஆரம்பித்த ஆண்டு', 'முதல் கடையின் படம்', 'எங்கள் பயணம்' என்று கட்டம் கட்டமாக இருக்கும், அதை நிரப்புகிற நினைப்பில் "ஐயா, எப்ப தொடங்கினது, பழைய போட்டோ இருக்கா?" என்று கேட்டுவிடுவோம். 2009இற்கு முன்னர் இங்கே கடை வைத்திருந்தவர்கள் அந்தக் கடையை அப்படியே விட்டுவிட்டு, இடம் இடமாக மாறி, முகாமில் இருந்து, 2010இலும் அதற்குப் பிறகும் மீளக்குடியேறி, வெறுங்காணியில் தகரக் கொட்டிலாக மறுபடி தொடங்கியவர்கள். அல்பம் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார்? முதல் கடையின் படத்தைக் கேட்ட எனக்கு ஒரு ஐயா பதிலே சொல்லவில்லை, எழும்பிப் போய் ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து "வேற என்ன?" என்றார்.

இப்போது நான் "கடையைப் பற்றி என்ன எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். சிலர் ஒரு வரியில் முடிப்பார்கள். சிலர் அரை மணித்தியாலம் சொல்வார்கள், சொல்லிவிட்டு "இதெல்லாம் போட வேண்டாம் தம்பி" என்பார்கள். போடாதீர்கள். ஒரு அம்மா, அப்பாவின் பெயரில்தான் கடை, அவர் படம் ஒன்றும் இல்லை, பெயரை மட்டும் பெரிதாகப் போடச் சொன்னார். நான் செய்த தளங்களிலேயே எனக்குப் பிடித்த முகப்பு அதுதான், வெள்ளைப் பின்னணியில் ஒரு பெயர்.

விலை கேட்டால் அங்கேயே சொல்லவா?

சொல்லாதீர்கள். "எல்லாம் குறிச்சிருக்கிறன், வீட்ட போய்க் கணக்குப் பார்த்து நாளைக்கு அனுப்புறன் ஐயா" என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள். வாயில் வந்த தொகையைச் சொன்னால் அதுதான் கூரை, அதற்கு மேலே ஒருநாளும் போக முடியாது, கீழேதான் இறங்கும்.

கணக்கு எப்படி? ஒரு உதாரணத்துக்கு, ஐந்து பக்கத் தளத்துக்குக் கதைக்கிற நேரம், படம் சரிசெய்கிற நேரம், திருத்தம் எல்லாம் சேர்த்து 40 மணித்தியாலம், மணிக்கு 1,500 ரூபாய் வைத்தால் 60,000. உங்கள் மணித்தியால விலை வேறாக இருக்கும், அது பரவாயில்லை, மணித்தியாலத்தை எண்ணுகிற பழக்கம்தான் தேவை. திருத்தம் எத்தனை தடவை என்று எழுதாவிட்டால் 40 என்பது 90 ஆகும். நான் இரண்டு தடவை என்று எழுதுவேன்.

டொமைனையும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கையும் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கிற வாடகை இடம்) இந்தத் தொகைக்குள் கலக்க வேண்டாம். அதில் பெரும்பாலானது டொலரில் போகிற காசு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ரூபாயளவுக்குப் போனது. "மூன்று வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்தான்" என்று வாக்குக் கொடுத்திருந்த நான் மிச்சக் காசை என் கையால் கட்டினேன். இப்போது வருடாவருடம் வருகிற பில்லை அவரே கட்டுகிற மாதிரிச் செய்துவிடுகிறேன்.

அட்வான்ஸ் பாதி, தொடங்க முன்னர். மிச்சம், தளம் அவருடைய டொமைனில் ஏற முன்னர். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், சொல்லுங்கள். மேசனும் அட்வான்ஸ் வாங்கித்தானே அத்திவாரம் வெட்டுகிறார்?

முதல் ஆளே சொந்தக்காரர். மாமாவிடம் எப்படிக் காசு கேட்பது?

சும்மா செய்வதென்றால் முழுவதும் சும்மா செய்யுங்கள், பில் ஒன்றில் முழுத் தொகையையும் எழுதி, அதன் கீழே கழிவு என்று போட்டுக் கொடுங்கள். அதன் பெறுமதி அவருக்குத் தெரியும், அவர் அடுத்தவருக்குச் சொல்லும்போது அந்தத் தொகையைச் சொல்வார். அரைகுறைக் காசுக்குச் செய்தால்தான் பிரச்சினை, கல்யாண வீட்டிலும் "அந்தப் பட்டனை மாத்திவிடு" என்று கூப்பிடுவார்கள்.

டொமைன் யார் பெயரில் எடுப்பது?

வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில். மின்னஞ்சல் இல்லையென்றால் அங்கேயே ஒன்று திறந்து, கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். உங்கள் பெயரில் வைத்திருந்தால் பிடி உங்களிடம் இருக்கும் என்று சிலர் புத்தி சொல்வார்கள். கேவலமான புத்தி. நான் ஒருவரிடம் வேலை எடுத்தபோது அவருடைய பழைய டிசைனர் வெளிநாடு போய்விட்டார், டொமைன் அவர் பெயரில், புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. காலாவதியான பிறகு மீட்கச் சில வாரம் அவகாசம் இருக்கும், அதற்குத் தனியாகக் கூடின கட்டணம், அதுவும் கடந்துவிட்டால் யாரும் வாங்கலாம். போர்டிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த முகவரி போய்விட்டது. டொட் கொம், டொட் எல்கே மட்டுமில்லை, 2010இலிருந்து டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முகவரி எடுக்கலாம், வாடிக்கையாளருக்குச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஆனால் பில்லில் அச்சடிக்க ஆங்கில எழுத்து முகவரியும் ஒன்று வைத்திருப்பது நல்லது.

எழுத்துகளை அச்சகத்தில் இருந்து வாங்கித் தந்தார்கள். திறந்தால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கிறது!

அது பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துரு. நோட்டீஸ் அடிக்கிற இடங்களில் இன்னும் அதுதான். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துருவை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்துவிடும், கூகுளில் தேடினாலும் அகப்படாது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இடையில் இருக்கிற உண்மையான ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறிக் குழம்பும், அதனால் ஒவ்வொரு வரியையும் கண்ணால் வாசிக்க வேண்டும். சந்திப்பிலேயே "எழுத்து எதில அடிச்சது?" என்று கேட்டு இந்த நேரத்தையும் விலையில் சேருங்கள்.

படங்களுக்கு ஒரு வார்த்தை: வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பிறகு நீங்களே சுருக்குங்கள், நாலைந்து எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் ஊருக்குள் ஒருவருக்கும் திறக்காது. இன்னொன்று, மாதிரிப் பக்கங்களில் பட்டன்கள் ஆங்கிலச் சொல்லின் அளவுக்குச் செய்யப்பட்டவை. 'தொடர்புகொள்ளுங்கள்' என்று போட்டால் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். 'அழைக்க' போதும்.

ஒப்பந்தம் தேவையா? லோயரிடம் போகவா?

லோயர் வேண்டாம், எழுத்து வேண்டும். என்ன செய்வீர்கள், என்ன செய்யமாட்டீர்கள், எவ்வளவு, எப்போது, திருத்தம் எத்தனை என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பி "ஓம்" என்று பதில் வாங்குங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லுபடியாகாமல் போகாது. நான் ஒருநாளும் நீதிமன்றம் போனதில்லை. "ஐயா, பதினெட்டாம் திகதி அனுப்பினதைப் பாருங்கோ" என்று சொல்ல மட்டும் பல தடவை உதவியிருக்கிறது.

வாடிக்கையாளர் கனடாவில் இருக்கிறார். வீடியோ அழைப்பில்தான் சந்திப்பு.

டொரன்டோவுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் 10½ மணித்தியாலம், கோடையில் 9½. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் மணிக்கூட்டை மாற்றுகிற கிழமையில் ஒரு தடவை உறுதிப்படுத்துங்கள். மின்சாரம் போகும் என்று நினைத்து, போனில் டேட்டா போட்டு, முழுச் சார்ஜில் வைத்திருங்கள். வங்கிக் கணக்கில் காசு வாங்குவதென்றால் சுவிஃப்ட் குறியீட்டையும் (வெளிநாட்டுக் காசு வர உங்கள் வங்கியை அடையாளம் காட்டுகிற குறியீடு), கணக்கில் இருக்கிற மாதிரியே உங்கள் முழுப்பெயரையும் முதலே அனுப்புங்கள்.

கதைத்துப் பார்த்தால் அவருக்கு வெப்சைட்டே தேவையில்லை போல இருக்கிறது. என்ன செய்ய?

சொல்லிவிடுங்கள். சந்தியில் இருக்கிற சலூனுக்கு கூகுளில் இலவசமாகக் கடையைப் பதிந்து, நேரமும் இலக்கமும் நாலு படமும் போட்டால் போதும். அதைச் செய்து கொடுக்க ஒரு சின்னத் தொகை வாங்கலாம். கரடிப்போக்குப் பக்கம் ஒரு சலூன் அண்ணைக்கு அப்படிச் செய்தேன், அவர் அனுப்பிய ஆட்கள் இரண்டு பேருக்குப் பிறகு முழுத் தளம் செய்தேன்.

விலை அனுப்பி ஒரு கிழமை, பதில் இல்லை. திரும்பக் கேட்கலாமா?

ஒரு தடவை கேளுங்கள், மரியாதையாக, "ஐயா, அனுப்பினது பார்த்தனீங்களோ, விளங்காத இடம் இருந்தால் சொல்லுங்கோ" என்று. பிறகு விடுங்கள், அடுத்த ஆளைப் பாருங்கள். ஒரு உரக்கடைக்காரர் மாசி மாதம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காணாமல் போனார். ஆறு கிழமை கழித்து, அறுவடை முடிந்த கையோடு, விடிய ஐந்தரைக்கு "தம்பி எப்ப தொடங்குவம்" என்று வட்ஸ்அப் வந்தது. நான் வங்கிக் கணக்கு இலக்கத்தை அனுப்பிவிட்டு மறுபடி படுத்துவிட்டேன். எட்டு மணிக்குக் காசு வந்திருந்தது.